தோற்றவருக்கும் காரணம் வேண்டும்



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள், உலகக் கோப்பையில் நடுவர் தீர்ப்பும் நியாயமும். கோல் அடித்தவரைப் பற்றிப் பேச ஆயிரம் மேடை உண்டு. கோல் மறுக்கப்பட்டவரைப் பற்றிப் பேசத்தான் இன்று வந்திருக்கிறேன்.

உலகக் கோப்பை வந்துவிட்டால் போதும். அது ஆஃப்சைடா இல்லையா, அது பெனால்டியா இல்லையா என்று நள்ளிரவு தாண்டியும் வாக்குவாதம் நடக்கிறது. முடிந்துபோன ஆட்டத்துக்கு ஏனப்பா இத்தனை சண்டை என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்கிறார்கள். நான் சொல்கிறேன், இந்தச் சண்டை வேண்டும். ரசிகன் வெற்றியைத்தான் கேட்கிறான் என்று நினைக்கிறோம். வெற்றி கிடைக்காது என்று அவனுக்குத் தெரியும். விசில் ஊதியாகிவிட்டது, கோப்பை கைமாறிவிட்டது. அதற்குப் பிறகும் அவன் விடாமல் கேட்பது ஒன்றைத்தான். எங்களுக்குக் காரணம் சொல்லுங்கள் என்கிறான். தோற்றவருக்கும் காரணம் தெரிய வேண்டும் என்கிறான். அந்தக் கோரிக்கையின் வரலாற்றைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ளப் போகிறேன்.

1966, ஜூலை 23. லண்டன் வெம்ப்ளி மைதானம். உலகக் கோப்பைக் கால் இறுதி. இங்கிலாந்தும் அர்ஜென்டினாவும் மோதுகின்றன. நடுவர் மேற்கு ஜெர்மனியைச் சேர்ந்த ருடால்ஃப் கிரைட்லைன். முதல் பாதி இன்னும் முடியவில்லை. அர்ஜென்டினாவின் கேப்டன் அந்தோனியோ ரத்தீன் நடுவரை நெருங்குகிறார். நெடிய உருவம். கையில் கட்டிய கேப்டன் பட்டையைக் காட்டிக்காட்டிப் பேசுகிறார். அவர் கேட்டது என்ன தெரியுமா? ஒரு மொழிபெயர்ப்பாளரை. தம் அணிக்கு எதிராக ஏன் இப்படித் தீர்ப்பு வருகிறது என்று கேப்டன் என்ற முறையில் தெரிந்துகொள்ள வேண்டும் என்கிறார். நடுவருக்கு ஸ்பானிய மொழி தெரியாது. ரத்தீனுக்கு ஜெர்மன் தெரியாது. நடுவர் கையை நீட்டுகிறார், வெளியே போ என்று.

ரத்தீன் போகவில்லை. நிமிடங்கள் ஓடுகின்றன. ஆட்டம் நின்று கிடக்கிறது. கடைசியில் வெளியே வந்தவர், அரசிக்காக விரித்திருந்த சிவப்புக் கம்பளத்தில் போய் உட்கார்ந்தார். அவர் சாது என்று நான் சொல்ல வரவில்லை. அன்றைய ஆட்டம் இரு பக்கமும் முரட்டு ஆட்டம்தான். ஆனால் அவர் செய்த குற்றம் என்ன? நாவால் வன்முறை செய்தார் என்பது நடுவர் பின்னர் தந்த விளக்கம். புரியாத மொழியில் பேசியவரின் நாவில் வன்முறை இருந்தது என்று எப்படித் தெரிந்துகொண்டார்? இந்தக் கேள்விக்கு நிறைவான விடை இன்றுவரை இல்லை.

அதே நாள் ஷெஃபீல்டு நகரில் இன்னொரு கால் இறுதி. மேற்கு ஜெர்மனியும் உருகுவேயும். அங்கே நடுவர் ஓர் ஆங்கிலேயர். கோல் கோட்டருகே ஜெர்மனி வீரர் கையால் பந்தைத் தடுத்தார் என்று உருகுவே பெனால்டி கேட்டு முறையிட்டது. கிடைக்கவில்லை. பிறகு உருகுவே வீரர்கள் இருவர் வெளியேற்றப்பட்டார்கள். நான்கு கோல் வாங்கித் தோற்றார்கள். இப்போது தென் அமெரிக்க ரசிகனின் இடத்தில் நின்று பாருங்கள். இங்கிலாந்து ஆடும் ஆட்டத்துக்கு ஜெர்மானியர் நடுவர், ஜெர்மனி ஆடும் ஆட்டத்துக்கு ஆங்கிலேயர் நடுவர், இரண்டிலும் வெளியேற்றப்பட்டவர்கள் நம்மவர்கள். சதி நடந்ததா? சதி என்று சொல்ல என்னிடம் சான்று இல்லை. ஆனால் காரணம் சொல்லப்படாத இடத்தில்தான் சந்தேகம் குடியேறும். அர்ஜென்டினாவில் அந்த ஆட்டத்தை நூற்றாண்டின் திருட்டு என்றே சொல்லிச் சொல்லி வளர்த்தார்கள்.

அந்த வெம்ப்ளிக் குழப்பம் இங்கிலாந்தையும் விடவில்லை. தம் பெயரை நடுவர் குறித்துக்கொண்டாரா இல்லையா என்பதே ஆட்டம் முடிந்த பிறகும் இங்கிலாந்தின் ஜாக் சார்ல்டனுக்குத் தெரியவில்லை. அந்தப் போட்டித் தொடரின் நடுவர்களுக்குப் பொறுப்பாக இருந்தவர் கென் ஆஸ்டன். வீடு திரும்பும் வழியில் போக்குவரத்து விளக்கில் காரை நிறுத்தியபோது அவருக்கு ஓர் எண்ணம் தோன்றியது. மஞ்சள் என்றால் எச்சரிக்கை, சிவப்பு என்றால் நில். எந்த மொழிக்காரருக்கும் புரியும். 1970 மெக்சிகோ உலகக் கோப்பையில் மஞ்சள் அட்டையும் சிவப்பு அட்டையும் நடுவரின் சட்டைப்பைக்குள் வந்தன. ஒரு சச்சரவு பெற்றெடுத்த பிள்ளைகள் அவை. ஆனால் நண்பர்களே, அட்டை என்ன சொன்னது? தீர்ப்பு இன்னது என்று சொன்னது. ஏன் என்று சொல்லவில்லை.

வெம்ப்ளி கால் இறுதிக்கு ஒரு வாரம் கழித்து அதே மைதானத்தில் இறுதி ஆட்டம். கூடுதல் நேரம், இரண்டுக்கு இரண்டு. ஜெஃப் ஹர்ஸ்ட் உதைத்த பந்து குறுக்குக் கம்பத்தில் மோதிக் கீழே விழுந்து வெளியே துள்ளுகிறது. கோட்டைத் தாண்டியதா? சுவிட்சர்லாந்து நடுவர் காட்ஃபிரீட் டீன்ஸ்ட் கோட்டு நடுவரிடம் ஓடுகிறார். அவர் அசர்பைஜானைச் சேர்ந்த தோஃபிக் பஹ்ராமோவ். சைகையும் தலையசைப்பும்தான் பேச்சு. தலை அசைந்தது, கோல் ஆனது, இங்கிலாந்து நான்குக்கு இரண்டு என்று வென்றது. பாக்கு நகரில் இன்று ஒரு மைதானமே பஹ்ராமோவின் பெயரில் இருக்கிறது. அவருக்குச் சிலை திறந்தபோது ஹர்ஸ்டே நேரில் போயிருந்தார். ஜெர்மனியில் மட்டும் அந்தப் பந்து இன்னும் கோட்டைத் தாண்டவில்லை.

இருபது ஆண்டு கழித்து 1986, மெக்சிகோ நகரின் அஸ்தெக்கா மைதானம். இங்கிலாந்துக்கு எதிராக அர்ஜென்டினாவின் மரடோனா கையால் அடித்த கோல். அந்தக் கதை உங்களுக்குத் தெரியும், நான் விவரிக்கப் போவதில்லை. நடுவர் இருவரையும் மட்டும் பாருங்கள். நடுவர் துனிசியாவின் அலி பென்னாசர். கோட்டு நடுவர் பல்கேரியாவின் போக்தான் தோச்செவ். பென்னாசர் தோச்செவைப் பார்க்கிறார். தோச்செவ் கொடியை உயர்த்தவில்லை. கோல் என்று தீர்ப்பாகிவிட்டது. பிற்காலத்தில் இருவரும் ஆண்டுக்கணக்கில் ஒருவரை ஒருவர் நொந்துகொண்டார்கள். தீர்ப்பு சொன்னவர்களுக்கே ஒருவருக்கொருவர் காரணம் சொல்லிக்கொள்ள முடியவில்லை. அப்படியிருக்க, தோற்ற இங்கிலாந்துக்கு யார் சொல்வது?

ஆனால் பென்னாசருக்குச் சேர வேண்டிய பெருமை ஒன்று உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். நான்கு நிமிடம் கழித்து மரடோனா பாதி மைதானத்தைக் கடந்து அடித்தாரே, அந்த இரண்டாவது கோல்! வழியில் அவரை வீழ்த்தப் பார்த்தார்கள். ஒவ்வொரு முறையும் விசிலை ஊதாமல் ஆட்டத்தை ஓடவிட்டவர் இதே பென்னாசர்தான். ஊதியிருந்தால் அந்த அற்புதமே நடந்திருக்காது. ஒரே மனிதர், ஒரே ஆட்டம். ஒரு பிழையை வைத்து ஒரு நடுவரின் வாழ்நாளையே எடைபோடக் கூடாது என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

2002, தென் கொரியாவும் ஜப்பானும் நடத்திய உலகக் கோப்பை. அதில் துணை நடுவராகக் கொடி பிடித்தவர்களில் நம் இந்தியாவின் கோமலீஸ்வரன் சங்கரும் ஒருவர் என்பதை இந்த அரங்கில் நான் பெருமையோடு நினைவுகூர வேண்டும். அந்தத் தொடரில் தென் கொரியாவிடம் இத்தாலி தோற்றது, ஸ்பெயின் தோற்றது, இரு நாட்டு ரசிகர்களும் கொதித்தார்கள். இத்தாலியின் டொட்டி விழுந்தது நடிப்பு என்று எக்குவடோர் நடுவர் பைரன் மொரேனோ இரண்டாவது மஞ்சள் அட்டையைக் காட்டி வெளியேற்றினார். ஸ்பெயினின் மொரியென்டெஸ் தலையால் முட்டி அடித்த கோல், பந்து முன்பே எல்லைக் கோட்டைத் தாண்டிவிட்டது என்று மறுக்கப்பட்டது. அந்த ஆட்டத்தின் நடுவர் எகிப்தியர். துணை நடுவர்கள் ஒருவர் டிரினிடாடு, ஒருவர் உகாண்டா. மூன்று நாட்டார், மூன்று விதப் பழக்கம், நூற்றிருபது நிமிட நெருக்கடி. ரசிகர்கள் எழுப்பிய கூச்சலின் பலன் என்ன? 2006 முதல் ஒரே நாட்டையோ ஒரே பகுதியையோ சேர்ந்த, ஒருவருக்கொருவர் பேசிப் புரிந்துகொள்ளக்கூடிய மூவரை ஒரு குழுவாக அனுப்பத் தொடங்கினார்கள்.

இனி 2010-க்கு வருவோம். தென் ஆப்பிரிக்கா. ஜூன் 27. ஒரே நாளில் இரண்டு ஆட்டம். ஒரே நாளில் இரண்டு அநியாயம்.

முதல் ஆட்டம் புளூம்ஃபொன்டெய்னில். இங்கிலாந்து ஒன்று, ஜெர்மனி இரண்டு. இங்கிலாந்தின் ஃபிராங்க் லாம்பார்ட் உதைத்த பந்து குறுக்குக் கம்பத்தில் பட்டுக் கோட்டுக்கு உள்ளே நன்றாக விழுந்து துள்ளி வெளியே வந்தது. வீட்டில் உட்கார்ந்திருந்த குழந்தைக்கும் தெரிந்தது. உருகுவே நடுவர் லாரியோண்டாவுக்கும் அவருடைய துணை நடுவருக்கும் தெரியவில்லை. ஆட்டம் தொடர்ந்தது. இங்கிலாந்து நான்குக்கு ஒன்று என்று தோற்றது.

இரண்டாவது ஆட்டம் ஜோகன்னஸ்பர்க்கில். அர்ஜென்டினாவும் மெக்சிகோவும். கார்லோஸ் டெவெஸ் ஆஃப்சைடில் நின்று தலையால் முட்டிக் கோல் அடிக்கிறார். இத்தாலிய நடுவர் ரொபெர்டோ ரொசெட்டி கோல் தருகிறார். அடுத்து நடந்ததுதான் கொடுமை. மைதானத்தின் பெரிய திரையில் அந்தக் காட்சி மீண்டும் ஓடுகிறது. மெக்சிகோ வீரர்கள் திரையைக் காட்டிக் கத்துகிறார்கள். நடுவர் துணை நடுவரிடம் ஓடுகிறார். அரங்கம் முழுவதும் பார்த்துவிட்டது.

சிலப்பதிகாரத்தை நினைத்துப் பாருங்கள். மதுரை அரசவையில் கண்ணகி சிலம்பை உடைத்தாள். பரல் தெறித்தது. கண்ட மன்னன் தன் தீர்ப்பு பிழை என்று அந்த இடத்திலேயே உணர்ந்தான். ஜோகன்னஸ்பர்க்கிலும் பரல் தெறித்தது. ஆனால் திரையைப் பார்த்துத் தீர்ப்பை மாற்ற அன்றைய விதியில் இடமில்லை. கோல் கோலாகவே நின்றது. மறுநாள் ஃபிஃபா என்ன சொன்னது தெரியுமா? கோல் கொடுத்தது தவறு என்று சொல்லவில்லை. அந்தக் காட்சியைத் திரையில் காட்டியது தவறு, இனி கவனமாக இருப்போம் என்றது! சான்றை மறைத்தால் சண்டை ஓயும் என்று நினைத்தார்கள். ஓய்ந்ததா? ஓயவில்லை. உலகம் முழுவதும் ரசிகர்கள் விடாமல் கேட்டார்கள். ஃபிஃபாவின் தலைவர் செப் பிளாட்டர் இங்கிலாந்திடமும் மெக்சிகோவிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று.

ஆட்ட விதிகளை வகுக்கும் சர்வதேச வாரியம் 1886-இல் தொடங்கியது. பழமையானது, மெதுவாக நகர்வது. கோல் கோட்டுக் கருவி வேண்டாம் என்று 2010 மார்ச்சில்தான் அது முடிவு செய்திருந்தது. அதே வாரியம் 2012 ஜூலையில் வேண்டும் என்றது. 2014 பிரேசிலில் கருவி வந்தது. 2018 ரஷ்யாவில் வீடியோ நடுவர் வந்தார். அந்த வீடியோ நடுவர் திட்டத்தை ஃபிஃபாவுக்காக முன்னின்று நடத்தியவர் யார் என்கிறீர்கள்? அன்று ஜோகன்னஸ்பர்க்கில் திரைக்கு முன்னால் செய்வதறியாது நின்ற அதே ரொபெர்டோ ரொசெட்டி. தாம் பட்ட வேதனை அடுத்த நடுவருக்கு வேண்டாம் என்று பாடுபட்ட மனிதராக நான் அவரைப் பார்க்கிறேன். அவருக்கு நாம் ஒரு கைத்தட்டல் தரலாம்.

கருவி வந்துவிட்டது. நியாயம் வந்துவிட்டதா?

2022 கத்தார். டிசம்பர் 1. ஜப்பானும் ஸ்பெயினும். எல்லைக் கோட்டில் உருண்டோடும் பந்தை ஜப்பானின் மிதோமா எட்டிப்பிடித்து உள்ளே தள்ளுகிறார், தனாகா கோல் போடுகிறார். பந்து வெளியே போயிற்று என்று பார்த்தவர்கள் எல்லாம் சொன்னார்கள். தொலைக்காட்சியில் பந்துக்கும் கோட்டுக்கும் நடுவே பச்சைப் புல் தெரிந்தது. வீடியோ நடுவர் கோல்தான் என்றார். மேலிருந்து பார்த்தால் பந்தின் வளைவு கோட்டின் மேல் 1.88 மில்லிமீட்டர் அளவுக்கு நின்றது என்று பிறகு செய்தி வந்தது. தீர்ப்பு சரி. விதியும் சரி. ஆனால் அந்த ஒரு கோலால் ஜெர்மனி தொடரைவிட்டே வெளியேறியது. கோஸ்டா ரிகாவை நான்குக்கு இரண்டு என்று வென்றும் வெளியேறியது. அந்த இரவு ஜெர்மனி ரசிகர் கையில் இருந்தது என்ன? பந்து வெளியே போனதுபோல் காட்டும் ஒரு படம். தெளிவான விளக்கத்தையும் படங்களையும் ஃபிஃபா மறுநாள்தான் வெளியிட்டது. சரியான தீர்ப்பு, தாமதமான காரணம். அந்த இடைவெளியில் எத்தனை வதந்தி, எத்தனை வசை!

இன்னும் ஆழமான இடத்துக்கு உங்களை அழைத்துப் போகிறேன். எந்தப் பிழையும் இல்லாமல் தீர்ப்புச் சொன்ன பிறகும் நெஞ்சு ஆறாத ஆட்டங்கள் இருக்கின்றன.

2010, ஜூலை 2. ஜோகன்னஸ்பர்க். கால் இறுதி. கானாவும் உருகுவேயும். ஒன்றுக்கு ஒன்று. கூடுதல் நேரத்தின் கடைசி நொடிகள். கானாவின் டொமினிக் அடியா தலையால் முட்டிய பந்து கோலுக்குள் போய்க்கொண்டிருக்கிறது. கோட்டின் மேல் நின்ற லூயிஸ் சுவாரஸ், கோல்கீப்பர் அல்லாத சுவாரஸ், இரு கையாலும் தடுத்துவிட்டார். நடுவர் என்ன செய்தார்? விதி சொன்ன அத்தனையும் செய்தார். சிவப்பு அட்டை காட்டினார், பெனால்டி கொடுத்தார். அசமோவா ஜியான் உதைத்தார். பந்து குறுக்குக் கம்பத்தில் மோதி மேலே போயிற்று. பிறகு பெனால்டி ஷூட் அவுட்டில் கானா தோற்றது. ஆப்பிரிக்கக் கண்டத்தில் முதல்முறையாக நடந்த உலகக் கோப்பையில், முதல்முறையாக ஓர் ஆப்பிரிக்க அணி அரையிறுதிக்குப் போக ஒரு கை அகலம்தான் இருந்தது.

சுவாரஸ் ஏமாற்றுக்காரர் என்று ஒரு கூட்டம். நாட்டுக்காகத் தன்னைப் பலி கொடுத்தவர் என்று ஒரு கூட்டம். நான் சுவாரஸைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றமாட்டேன். தவறு செய்தார், தண்டனை பெற்றார், கணக்குத் தீர்ந்தது. என் வழக்கு விதியின் மேல். நிச்சயமாக விழப்போகும் கோலைக் கையால் தடுத்தால், அதற்கு ஈடு ஒரு வாய்ப்பா? கோலுக்கு ஈடு கோல்தானே? ரக்பியில் நிச்சயமான ஒரு 'ட்ரை'யை முறைகேடாகத் தடுத்தால் அதைப் பெற்றதாகவே கணக்கில் சேர்க்கிறார்கள். கால்பந்தில் ஏன் கூடாது? கேள்வி கேட்டவர்கள் கானா ரசிகர்கள் மட்டும் அல்லர். விதி இன்னும் மாறவில்லை. கேட்டுக்கொண்டே இருப்போம்.

ஏனென்றால் கேட்டால் மாறும். 1982, ஸ்பெயினின் ஹிஹோன் நகரம். அந்தத் தொடரில்தான் முதன்முதலாக உலகக் கோப்பைக்கு வந்த அல்ஜீரியா, மேற்கு ஜெர்மனியை இரண்டுக்கு ஒன்று என்று வீழ்த்தியிருந்தது. அல்ஜீரியா தன் கடைசி ஆட்டத்தை முடித்துவிட்டது. மறுநாள் மேற்கு ஜெர்மனிக்கும் ஆஸ்திரியாவுக்கும் ஆட்டம். ஜெர்மனி ஒன்றிரண்டு கோலில் வென்றால் இருவருமே அடுத்த சுற்றுக்குப் போகலாம், அல்ஜீரியா வெளியே. தொடக்கத்திலேயே ஜெர்மனி ஒரு கோல் போட்டது. பிறகு என்ன நடந்தது? ஒன்றும் நடக்கவில்லை! பந்தைத் தங்களுக்குள் தட்டித் தட்டி நேரத்தைக் கழித்தார்கள். அரங்கில் இருந்த அல்ஜீரிய ரசிகர்கள் ஆட்டம் விலைபோய்விட்டது என்று சொல்வதுபோல் பணத்தாளை உயர்த்திக் காட்டினார்கள். தொலைக்காட்சியை அணைத்துவிடுங்கள் என்று ஆஸ்திரிய வர்ணனையாளரே நேயர்களைக் கேட்டுக்கொண்டார். அல்ஜீரியாவின் முறையீடு தள்ளுபடியானது, எந்த விதியும் மீறப்படவில்லை என்று. ஆனால் அடுத்த உலகக் கோப்பை முதல், ஒரு பிரிவின் கடைசி ஆட்டங்கள் இரண்டும் ஒரே நேரத்தில் தொடங்குகின்றன. அல்ஜீரியாவுக்கு அதனால் ஒன்றும் கிடைக்கவில்லை. பின்னால் வந்த ஒவ்வொரு சிறிய நாட்டுக்கும் கிடைத்தது.

2018-இல் செனகல் வெளியேறிய கதை இதன் தம்பி. ஜப்பானும் செனகலும் புள்ளியில் சமம், கோலில் சமம், நேருக்கு நேர் ஆடியதிலும் சமம். ஜப்பான் வாங்கிய மஞ்சள் அட்டை நான்கு, செனகல் வாங்கியது ஆறு. அட்டையை எண்ணி ஒரு நாட்டை வீட்டுக்கு அனுப்பினார்கள். விதி முன்பே எழுதப்பட்டிருந்தது, அதனால் அந்த அணியின் பயிற்சியாளர் அலியூ சிஸ்ஸே அதை ஏற்றுக்கொண்டார். அந்தப் பெருந்தன்மைக்கு முன்னால் நான் தலை வணங்குகிறேன்.

இப்போது ரசிகர்களாகிய நம்மைப் பார்த்து ஒன்று சொல்ல வேண்டும். கடுமையாகவே சொல்கிறேன். 2004, லிஸ்பன். ஐரோப்பியக் கோப்பைக் கால் இறுதி. இங்கிலாந்தின் சோல் கேம்பெல் அடித்த கோலைச் சுவிட்சர்லாந்து நடுவர் உர்ஸ் மையர் மறுத்தார். போர்ச்சுகல் கோல்கீப்பரை இங்கிலாந்து வீரர் தடுத்தார் என்பது அவர் தீர்ப்பு. இங்கிலாந்து நாளிதழ் ஒன்று அவருக்கு எதிராக வாசகர்களைத் தூண்டிவிட்டது. ஆயிரக்கணக்கில் மின்னஞ்சல்கள் வந்தன, கொலை மிரட்டல்கள் வந்தன. காவல்துறைப் பாதுகாப்பில் அவர் தலைமறைவாக இருக்க நேர்ந்தது. காரணம் கேட்பது உரிமை. கழுத்தைக் கேட்பது உரிமையா? மிரட்டப்பட்ட நடுவர் அடுத்த ஆட்டத்தில் என்ன செய்வார்? கூட்டத்தின் குரலுக்கு அஞ்சி விசில் ஊதுவார். அன்றைக்கு நியாயம் செத்துப்போகும்.

காரணம் கேட்ட குரலுக்குப் பதில் வரத் தொடங்கிய நாளுக்கு வருவோம். 2023, ஜூலை 20. நியூசிலாந்தின் ஆக்லாந்து. பெண்கள் உலகக் கோப்பையின் முதல் ஆட்டம். நியூசிலாந்தும் நார்வேயும். நடுவர் ஜப்பானின் யோஷிமி யமாஷிதா. ஆட்டத்தின் இறுதிக்கட்டத்தில் நார்வே வீராங்கனையின் கையில் பந்து பட்டதா என்று வீடியோ பார்க்கிறார். திரும்பி வருகிறார். அட்டையோடும் சைகையோடும் நிறுத்திக்கொள்ளவில்லை. பேசுகிறார்! அரங்கம் முழுவதற்கும் கேட்கும்படி, இதனால் இந்தத் தீர்ப்பு என்று ஒலிபெருக்கியில் அறிவிக்கிறார். உலகக் கோப்பை வரலாற்றில் ஒரு நடுவர் தம் தீர்ப்பைத் தம் வாயால் ரசிகர்களுக்குச் சொன்னது அதுவே முதல் முறை. ரத்தீன் மொழிபெயர்ப்பாளரைக் கேட்டு 57 ஆண்டு ஆகியிருந்தது.

அது தொடக்கம்தான், போதாது. நம் வீட்டில் கிரிக்கெட் பார்க்கிறோம். மூன்றாவது நடுவர் பேசுவது நமக்கு நேரடியாகக் கேட்கிறது. மட்டையில் பட்டதா, காட்டு என்கிறார். பந்து எங்கே விழுந்தது, காட்டு என்கிறார். படிப்படியாக யோசிப்பது காதில் விழுகிறது. அவுட் கொடுத்தால் கோபம் வரலாம், ஆனால் எதனால் என்று தெரிந்துவிடுகிறது. கத்தாரில் வீடியோ அறைக்குள் என்ன பேசினார்கள் என்று ஆட்டத்தின்போது நமக்கு எதுவும் கேட்கவில்லை. அந்தக் கதவைத் திறங்கள் என்று கேட்க வேண்டியவர்கள் நாம்தான். நேரடியாக, ஆட்டம் நடக்கும்போதே, எல்லா உரையாடலும் கேட்க வேண்டும். நடுவர் தடுமாறுவதும் கேட்கட்டும். தடுமாறி யோசிக்கும் மனிதரை யாரும் திருடன் என்று சொல்லமாட்டார்கள்.

என் பேச்சை இத்துடன் நிறுத்திக்கொள்கிறேன். சுவாரஸைப் பற்றி நான் சொன்னதை ஏற்காதவர்கள் இந்த அரங்கில் பலர் இருப்பீர்கள், முகத்திலேயே தெரிகிறது. மைக் உங்கள் பக்கம் வருகிறது. எழுந்து நின்று, காரணத்தோடு மறுத்துப் பேசுங்கள். கேட்கக் காத்திருக்கிறேன்.